ஸ்டாக் தேடலுக்கு வட்டம் வரைந்தால் போதாது

டீலர்ஷிப் சாஃப்ட்வேர் செட்டப் செய்யும்போது ஒரு திரை வரும், அதில் மட்டும் எல்லாரும் அவசரப்படுவார்கள். வண்டி ஸ்டாக்கைத் தேடுவதற்கான பகுதிகளை வகுக்கிற திரை அது. பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும்: ஒரு குறியீடு, ஒரு பெயர், எந்தெந்தக் கிளைகள் என்று டிக் போட ஒரு பட்டியல், கீழே சேவ் பட்டன். வரி, இன்வாய்ஸ் எண் வரிசை, கணக்குத் தலைப்புகள் என்று மற்றதற்கெல்லாம் நாள் கணக்கில் உட்கார்ந்து பேசுகிறவர்கள், இந்தத் திரைக்கு வந்ததும் "எல்லாக் கிளையையும் போட்டுவிடுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். நானும் ஆரம்ப காலத்தில் அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறேன். இப்போது இந்தத் திரைக்கு மட்டும் ஒரு முழு நாள் கேட்கிறேன், கொடுக்கவில்லை என்றால் கொடுக்கும்வரை கேட்கிறேன்.

காரணம் ஒரு சம்பவம். ஒரு டீலர் குழுமத்தில் வேலை முடிந்து இரண்டு வாரம் கழித்துப் பார்வையிடப் போயிருந்தேன். ஷோரூமில் ஒரு சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவுக்குப் பின்னால் நின்று அவர் எப்படித் தேடுகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் ஒரு குடும்பம். அவர்கள் கேட்ட வேரியன்ட், கேட்ட நிறம் அந்தக் கிளையில் இல்லை. அவர் தேடல் பகுதியை "50 கி.மீ. சுற்றளவு" என்று மாற்றினார். ஒரு வண்டி வந்தது. தூரம் 38 கி.மீ. என்று காட்டியது. "இருக்கிறது சார், நாளைக்கே வரவழைத்துவிடலாம்" என்றார், அவர்களும் அந்த இடத்திலேயே முன்பணம் கட்டினார்கள். அந்த இன்னொரு கிளை அகலமான ஒரு ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. பாலம் வரைக்கும் போய்ச் சுற்றி வந்தால் 140 கி.மீ.க்கு மேல். அதோடு அந்தக் கிளைக்கு வாரம் ஒருமுறைதான் டிரக் போகும். வண்டி வந்து சேர்ந்தபோது எட்டாவது நாள். அந்த எட்டு நாளும் அவருக்கு வந்த போன் அழைப்புகளில் சிலவற்றைப் பக்கத்தில் இருந்து கேட்டேன். அவர் பொய் சொல்லவே இல்லை, சிஸ்டம் காட்டியதைத்தான் சொன்னார். அந்த 50 கி.மீ. வட்டத்தை டிக் போட்டு சேவ் செய்தவன் நான்.

அன்றைக்குப் புரிந்தது இதுதான். தேடல் பகுதி என்பதை நாம் வரைபடத்து விஷயமாக நினைக்கிறோம். வண்டி விற்பவருக்கோ அது "இந்த வண்டியை எத்தனை நாளில் என்னால் கொண்டுவர முடியும், யார் கையெழுத்துப் போட்டால் அது கிளம்பும்" என்ற கேள்விக்கான பதில். அந்தக் கேள்வியில் தூரம் ஒரு பங்கு, அதுவும் சின்னப் பங்கு.

முதலில் அந்த தூரத்தையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் சாஃப்ட்வேர் சொல்கிற கிலோமீட்டரை யாரும் சந்தேகப்படுவதில்லை. பெரும்பாலான தேடல்கள் பூமியை 6371 கி.மீ. சராசரி ஆரமுள்ள உருண்டையாக வைத்துக்கொண்டு இரண்டு புள்ளிகளுக்கு நடுவே காக்கை பறக்கிற தூரத்தைக் கணக்குப் போடுகின்றன. ஆறு, மலை, ஏரி, ஒருவழிப் பாதை எதுவும் அதற்குத் தெரியாது. இன்னும் சில சாஃப்ட்வேர்கள் வேகத்துக்காக முதலில் ஒரு சதுரத்தை எடுத்து, அதற்குள் விழுகிற கிளைகளுக்கு மட்டும் சரியான தூரம் பார்க்கும். அது நல்ல வழிதான். ஆனால் இரண்டாவது படியை விட்டுவிட்டு சதுரத்தோடு நிறுத்திக்கொள்கிறவையும் உண்டு. அப்போது 50 கி.மீ. என்று கேட்டால் சதுரத்தின் மூலையில் இருக்கிற, கிட்டத்தட்ட 71 கி.மீ. தள்ளியுள்ள கிளையும் உள்ளே வந்துவிடும். தேடுகிற பரப்பும் 27 சதவீதம் கூடிவிடும். உங்கள் சாஃப்ட்வேர் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள, வடகிழக்கிலோ தென்மேற்கிலோ எல்லைக்குச் சற்று வெளியே இருக்கிற ஒரு கிளையை வைத்துத் தேடிப் பார்த்தால் போதும், ஐந்து நிமிட வேலை.

கிளைகளின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் பதியும்போது இன்னொரு கோளாறு நடக்கும். வரைபட ஆப்பில் இருந்து நகல் எடுத்தால் பெரும்பாலும் அட்சரேகை முதலில் வரும். இடத் தகவல்களைக் கோப்பாகப் பரிமாற உதவுகிற ஜியோஜேசான் வடிவத்தில், அதாவது 2016-இல் வந்த ஆர்எஃப்சி 7946 என்ற இணையத் தர ஆவணம் சொல்கிறபடி, தீர்க்கரேகைதான் முதலில். இரண்டும் இடம் மாறினால் ஒரு கிளை பூமியின் வேறு மூலைக்குப் போய்விடும். தீர்க்கரேகை 90-ஐத் தாண்டுகிற இடமாக இருந்தால் அட்சரேகைக் கட்டத்தில் அந்த எண்ணை சிஸ்டம் ஏற்காது, தப்பு உடனே பிடிபடும். 90-க்குள் இருந்தால் ஏதும் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். அப்படித் தொலைந்த கிளை எந்தத் தேடலிலும் வராது, வரவில்லை என்று யாரும் புகாரும் செய்யமாட்டார்கள், அந்தக் கிளைக்காரர்கள் மட்டும் "நம்மிடம் யாருமே வண்டி கேட்பதில்லையே" என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டால் சில சிஸ்டங்கள் பூஜ்யம், பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். அது ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவின் நடுக்கடல். பதிந்து முடித்ததும் எல்லாக் கிளைகளையும் ஒரே வரைபடத்தில் போட்டுக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள், இதை விடச் சுலபமான சோதனை வேறு இல்லை.

சரி, எண்களெல்லாம் சுத்தம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வட்டம் தப்பாகத்தான் சொல்லும். அதனால் நான் இப்போது தூரத்துக்குப் பதிலாக நாட்களைக் கேட்கிறேன். 12 கிளைகள் இருந்தால், போகிற வழி வருகிற வழி இரண்டையும் தனியாக எண்ணினால் 132 ஜோடி. ஒவ்வொரு கிளையில் இருந்தும் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு வண்டியை நகர்த்த எத்தனை வேலை நாள் ஆகும் என்று ஒரு அட்டவணை. 132 என்றதும் மிரள்வார்கள். ஆனால் டிரான்ஸ்போர்ட் பார்ப்பவரையும் யார்டு பொறுப்பாளரையும் பக்கத்தில் உட்காரவைத்தால் ஒரு மதியத்தில் முடிந்துவிடும், ஏனென்றால் அவர்களுக்கு அது மனப்பாடம். "இங்கேயிருந்து அங்கே மறுநாள் காலை, அங்கேயிருந்து இங்கே மூன்று நாள், திரும்பி வருகிற டிரக் நிறைந்தால்தான் கிளம்பும்" என்று விரல்விட்டுச் சொல்வார்கள். கவனியுங்கள், போகிற நாளும் வருகிற நாளும் வேறு வேறு. வட்டத்தால் இதைச் சொல்லவே முடியாது, வட்டத்தில் அ-வுக்கு ஆ எவ்வளவு தூரமோ ஆ-வுக்கு அ-வும் அவ்வளவுதான்.

அட்டவணை கைக்கு வந்தபிறகு பகுதிகள் தானாகவே பிரியும். ஒவ்வொரு கிளைக்கும் தன் கண்ணில் இருந்து பார்க்கிற படிகள். முதல் படி சொந்த யார்டு. அடுத்து மறுநாள் வரக்கூடியவை. அதற்கடுத்து மூன்று நாளுக்குள் வரக்கூடியவை. பிறகு குழுமத்தில் மிச்சமுள்ள கிளைகள், தொழிற்சாலையில் இருந்து கிளம்பி வழியில் வந்துகொண்டிருக்கும் வண்டிகள், கடைசியாகக் குழுமத்துக்கு வெளியே உள்ள டீலர்கள். ஒரே கிளை பல பகுதிகளில் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஒரு கிளைக்கு ஒரு பகுதிதான் என்று கட்டாயப்படுத்துகிற சாஃப்ட்வேர்களைப் பார்த்திருக்கிறேன், அது கணக்குத்துறைக்காக வரைந்த மண்டலப் பிரிவை அப்படியே தேடலுக்கும் தூக்கி வைத்ததன் விளைவு. விற்பனை இலக்கு வைக்கிற மண்டலம் வேறு, வண்டி தேடுகிற பகுதி வேறு. மண்டல எல்லையில் உள்ள கிளைக்கு அடுத்த மண்டலத்துக் கிளைதான் பக்கத்து வீடு. மண்டலத்தையே தேடல் பகுதியாக வைத்தால், அரை மணி நேரத்தில் வந்துவிடும் வண்டியை விட்டுவிட்டு நாலு மணி நேரத் தொலைவில் இருப்பதைக் காட்டும்.

வழியில் வரும் வண்டிகளைத் தனிப் படியாக வைக்க வேண்டுமா, குழுமக் கிளைகளோடு சேர்க்கலாமா என்று கேட்பார்கள். தனியாகவே வையுங்கள் என்பேன். டிரான்சிட்டில் உள்ள வண்டிக்கு வந்துசேரும் தேதி என்று ஒன்று சிஸ்டத்தில் இருக்கும், அது எதிர்பார்ப்புதானே தவிர உறுதி இல்லை. யார்டில் நிற்கிற வண்டியோடு அதை ஒரே பட்டியலில் கலந்தால், வாடிக்கையாளர் எதிரில் உட்கார்ந்திருக்கிற பரபரப்பில் யாரும் 'நிலை' என்கிற கடைசி நெடுவரிசையைப் படிக்கமாட்டார்கள்.

நிலையைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் பகுதி எவ்வளவு நன்றாக வகுத்திருந்தாலும் அதற்குள் எந்த நிலையில் உள்ள வண்டிகளைக் காட்டுகிறோம் என்பது சரியில்லை என்றால் எல்லாம் வீண். ஒருமுறை இன்னொரு இடத்தில் யார்டுக்கே நடந்து போய்ப் பார்த்தேன். கையில் பட்டியல், 46 வண்டிகள், எல்லாமே சிஸ்டத்தில் "ஸ்டாக்". யார்டு பொறுப்பாளர் கூடவே வந்தார். ஒவ்வொரு வண்டியாகக் கண்ணாடிக்குக் கீழே குனிந்து சேஸிஸ் நம்பரின் கடைசி 6 இலக்கத்தை நான் வாசிக்க, அவர் சரி பார்த்தார். மூன்றாவது வரிசையில் ஒரு வெள்ளை வண்டி. கண்ணாடியெல்லாம் தூசி, வைப்பருக்கு அடியில் மழையில் நனைந்து காய்ந்து மடங்கிய ஒரு தாள், அதில் பால்பாயிண்ட் பேனாவில் ஒரு பெயரும் ஒரு தேதியும்.

"இது என்ன?" என்றேன்.

"அது புக் ஆன வண்டி சார். லோன் வரவில்லை, வந்ததும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். மூன்று மாதம் ஆகிறது."

"சிஸ்டத்தில் ரிசர்வ் போடவில்லையா?"

"போட்டோம் சார், அது 7 நாளில் தானாக விடுவித்துவிடும். அதனால்தான் தாள் ஒட்டினோம்."

அந்தத் தாள் எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. சிஸ்டம் 7 நாள் என்று சொன்னது, மனிதர்கள் வேறொன்று முடிவு செய்தார்கள், அந்த முடிவைச் சொல்ல அவர்களுக்குக் கிடைத்த இடம் வைப்பருக்கு அடியில்தான். இதற்கிடையில் மற்ற எல்லாக் கிளைகளின் தேடலிலும் அந்த வெள்ளை வண்டி விற்பனைக்கு இருப்பதாக வந்துகொண்டிருந்தது. எத்தனை பேர் போன் செய்து, "அது முடியாது" என்ற பதிலைக் கேட்டிருப்பார்கள்! இரண்டு முறை அப்படிக் கேட்டவர் மூன்றாம் முறை சிஸ்டத்தில் தேடமாட்டார், தெரிந்த யார்டுக்காரருக்கு நேராகப் போன் போடுவார். அதற்குப் பிறகு நீங்கள் எந்தப் பகுதியை எப்படி வகுத்தாலும் அதைப் பார்க்க ஆளில்லை.

அன்று 46-இல் 39 வண்டிகள்தான் உண்மையில் விற்கக்கூடியவை. ஒன்று டெமோ வண்டி, இரண்டுக்கு இன்வாய்ஸ் போட்டாயிற்று ஆனால் டெலிவரி ஆகவில்லை, ஒன்று இறக்கும்போது கதவில் அடிபட்டு இன்ஷூரன்ஸுக்காக நிற்கிறது, இரண்டு அந்த யார்டிலேயே இல்லை, வேறு கிளைக்குப் போய் டிரான்ஸ்ஃபர் என்ட்ரி போடாமல் கிடந்தன. மிச்சம் அந்த வெள்ளை. ஆகவே சொந்தக் கிளைக்கான பகுதியில் எல்லா நிலையும் தெரியட்டும், மற்ற கிளைகளுக்கான படிகளில் வந்து சேர்ந்து, டெலிவரிக்கு முந்தைய சோதனை முடிந்து, யாருக்கும் ஒதுக்காத வண்டிகள் மட்டும் தெரியட்டும் என்று வைக்கிறேன். சொந்த யார்டில் நிற்பதைப் பற்றி நடந்து போய்க் கேட்டுவிடலாம், தொலைவில் நிற்பதற்கு அந்த வசதி கிடையாது.

சேஸிஸ் நம்பர் பற்றி ஒரு சின்ன விஷயம். முழு எண் 17 எழுத்து, இலக்கங்கள். அதில் ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, க்யூ மூன்றும் வராது, 1, 0 ஆகியவற்றோடு குழம்பக் கூடாது என்பதற்காக. தேடல் பெட்டியில் யாராவது பூஜ்யத்துக்குப் பதில் ஓ அடித்தால் சிஸ்டமே அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும்படி செய்யலாம், நிச்சயம் தப்பாகாது. கடைசி 6 இலக்கத்தை மட்டும் வைத்துத் தேடினால் மட்டும் ஜாக்கிரதை, பகுதி பெரிதாகப் பெரிதாக அதே 6 இலக்கத்தோடு வேறு மாடல் வண்டி வர வாய்ப்பு கூடும்.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமாகப்படுகிற இடத்துக்கு வருகிறேன். யாருடைய வண்டியை யார் பார்க்கலாம் என்பது. பல நிறுவனங்களில் இதை வெறும் அனுமதி விஷயமாக, ஐடி பிரிவு பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் கிளை மேலாளருக்கு அவருடைய ஸ்டாக் என்பது அவர் மாத இலக்கு. வேகமாக விற்கிற மாடலை அவர் பக்கத்துக் கிளைக்கு மனதோடு விட்டுக்கொடுக்கமாட்டார், நகராமல் நிற்கிற மாடலை யார் கேட்டாலும் உடனே அனுப்புவார். இதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அவரை அளக்கிற விதம் அப்படி. அதனால் பகுதி வகுக்கும்போதே கூடவே ஒரு விதியும் வேண்டும்: இந்தப் படியில் தெரிகிற வண்டியைக் கேட்டால் எத்தனை மணி நேரத்துக்குள் ஆம் அல்லது இல்லை என்று பதில் வரவேண்டும், பதில் வராவிட்டால் யாரிடம் போகும், வண்டி நகர்ந்தால் விற்பனை யார் கணக்கில் ஏறும். இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத படியைத் திரையில் காட்டவே கூடாது என்பது என் கருத்து. வெளி டீலர்களின் ஸ்டாக்கை வரிசையாகக் காட்டுகிற திரைகள் பார்க்க ஜோராக இருக்கும், நூற்றுக்கணக்கில் வண்டிகள் ஓடும். ஆனால் அங்கே பதில் சொல்ல ஆள் இல்லை என்றால் அந்த வண்டிகளை வைத்து யாருக்கும் எந்தத் தேதியும் சொல்ல முடியாது.

படிக்குள் எந்த வரிசையில் காட்டுவது? நான் ஏஜிங்கை, அதாவது வண்டி எத்தனை நாளாக ஸ்டாக்கில் நிற்கிறது என்பதைப் பார்த்து, பழையது மேலே என்று வைப்பேன். டீலர்கள் பெரும்பாலும் கடனில்தான் ஸ்டாக் எடுக்கிறார்கள், நிற்கிற ஒவ்வொரு நாளும் வட்டி ஓடுகிறது. ஆனால் எல்லாப் படிகளையும் கலந்து ஏஜிங் பார்த்தால் ஐந்து நாள் தொலைவில் இருக்கிற பழைய வண்டி முதலில் வந்து நிற்கும், வாடிக்கையாளர் காத்திருக்க வேண்டும். ஆகவே முதலில் படி, அதற்குள் ஏஜிங். நிர்வாகத்துக்கு இதில் எப்போதும் ஒரு இழுபறி இருக்கும், நான் வாங்குபவர் பக்கம்தான் நிற்பேன்.

ஸ்டாக் தகவல் எப்போது புதுப்பிக்கப்பட்டது என்ற நேரத்தையும் ஒவ்வொரு வண்டியின் பக்கத்திலும் காட்டச் சொல்லுங்கள். சொந்தக் குழுமத்தில் உடனுக்குடன் வரலாம், வெளியில் இருந்து வருவது இரவுக்கு ஒருமுறை வருகிற கோப்பாக இருக்கலாம். காலையில் விற்ற வண்டி மாலை வரை தேடலில் உயிரோடு இருக்கும்.

பெயர்கள் விஷயத்திலும் கொஞ்சம் பிடிவாதமாக இருக்கிறேன். "பகுதி 01", "பகுதி 02", "வடக்கு புதியது" என்றெல்லாம் பெயர் வைத்திருப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு அதில் எதை அழுத்துவது என்று எப்படித் தெரியும்? நான் "நம் யார்டு", "நாளைக்கு வரும்", "3 நாளில் வரும்", "வழியில் உள்ளவை", "கேட்டுச் சொல்ல வேண்டும்" என்று வைக்கிறேன். ஆரம்பத்தில் நிர்வாகத்தில் ஒருவர், இது சாஃப்ட்வேர் மாதிரியே இல்லையே என்றார். ஆனால் சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவ் பெயரைப் படித்தாலே வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டிய வாக்கியம் அதில் இருக்கிறது. கடைசிப் பெயரைத்தான் நான் ரொம்ப யோசித்து வைத்தேன், அதைத் தேர்ந்தெடுக்கிற கையே "உடனே கொண்டுவருகிறேன்" என்று வாய் சொல்லாமல் தடுக்க வேண்டும் என்று.

அந்த ஆற்றங்கரைக் குழுமத்துக்கு மறுபடி போய் எல்லாவற்றையும் மாற்றினேன். நாள் அட்டவணை போட்டோம். அக்கரைக் கிளை, இக்கரையில் உள்ள எல்லாருக்கும் "கேட்டுச் சொல்ல வேண்டும்" படிக்குப் போனது. அந்தக் கிளை மேலாளருக்கு வருத்தம், தன் வண்டிகளை ஒளித்து வைத்துவிட்டதாகச் சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் டிரான்ஸ்போர்ட்காரரோடு உட்கார்ந்து பேசி, அந்தப் பக்க டிரக்கை வாரம் இரண்டு முறையாக ஆக்க முடியுமா என்று பார்த்தார்கள், முடிந்தது. அடுத்த மாதம் அட்டவணையில் அந்த வரிசையின் எண்களைத் திருத்தினேன். அந்தக் கிளை இக்கரையில் நான்கு கிளைகளுக்கு "3 நாளில் வரும்" படிக்கு ஏறியது, மற்றவர்களுக்கு இன்னும் கீழேதான்.